ஆட்டக்களமும் காவற்கண்ணும்

இரு நாட்டார் எதிர்த்தாடுங் கால்பந்துப் பந்தயம் விளையாட்டாகத் தொடங்கி, நாட்டின் மானங் குறித்த போராக முடிதலும் உண்டு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதன்முதல் எதிர்த்தாடியது 1872ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், கிளாஸ்கோவையடுத்த பார்ட்டிக்கில் ஆகும். அன்று இருதிறத்தாரும் கோல் அடித்திலர். ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1977 ஜூன் 4 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் ஸ்காட்லாந்து 2-1 என வென்றபொழுது, அந்நாட்டு ஆதரவாளர் திரளாகக் களத்துட் புகுந்து, கோற்கம்பங்களை முறித்துப் புற்றரையையும் பெயர்த்துச் சென்றனர்.

களிப்பினால் விளைந்த சேதம் அது. பகைமையால் விளைந்ததோ மிகக் கொடிது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகர் ஹெய்சல் அரங்கில், இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தாரும் இத்தாலியின் ஜுவென்டஸ் கழகத்தாரும் ஆடவிருந்தனர். ஆட்டந் தொடங்குமுன்னரே லிவர்பூல் ஆதரவாளர் எதிர்ப்பக்கத்தார்மேற் பாய, நெரிசலிற் சுவரிடிந்து 39 பேர் மாண்டனர். அக்காலந்தொட்டுப் பிரிட்டனின் ஆட்ட அரங்குகளிற் கண்காணிப்புக் காமிராக்கள் விரைந்து பெருகின. பின்னர் 1990களில், அரசாங்கத்தின் பொருளுதவியால் அவை நகரத் தெருக்களையும் அடைந்தன.

இவை வேண்டுமென்பார் கூறுவது யாது? திரளில் ஒளிந்து தீங்கிழைப்பானைக் காமிரா காட்டிக்கொடுக்கும். ஆதலின் குற்றமற்றவர்க்கு அச்சம் எற்றுக்கு என்பர். இக்கூற்றினை எளிதில் தள்ளுதல் இயலாது. ஆயினும், குற்றமற்றவரையே குற்றவாளியெனக் கருவி சுட்டுமாயின் யாது செய்வது?

அங்ஙனம் நிகழ்ந்ததும் உண்டு. 2017 ஜூன் 3 அன்று வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஜுவென்டஸும் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டும் ஐரோப்பிய இறுதிப் பந்தயத்தில் மோதின. அவ்வமயம் போலீசார் முகமறியுங் காமிராக்களை நிறுத்தினர். வழிச்செல்வார் முகத்தின் அமைப்பினை எண்களாக்கி, தேடப்படுவார் பட்டியலிலுள்ள முகங்களோடு ஒப்பிட்டு, ஒத்திருப்பின் எச்சரிப்பது அக்கருவியின் தொழில். அது எச்சரித்தது 2,470 முறை. அவற்றுட் பிழையானவை 2,297.

இனி, காண்டல் வேறு, காத்தல் வேறு. 2021 ஜூலை 11 அன்று இங்கிலாந்தும் இத்தாலியும் ஐரோப்பியக் கோப்பைக்கு வெம்பிளியில் ஆடியபொழுது, சீட்டில்லாதார் ஏறத்தாழ 2,000 பேர் வாயில்களைத் தகர்த்தும் பிறவாறும் உட்புகுந்தனர். நிகழ்ந்தவற்றைக் காமிராக்கள் பதிந்தன. தடுக்கும் ஆற்றல் அவற்றிற்கில்லை. வேண்டிய காவலர் வேண்டிய பொழுதில் அவ்விடத்து இல்லாமையே குறை.

கார்டிஃப் நகரவாசி ஒருவர், தம் முகத்தைப் போலீசார் இங்ஙனம் அளந்தது முறையன்றென வழக்கிட்டார். முதலில் தோற்றாரெனினும், 2020 ஆகஸ்ட் 11 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. யாரைப் பட்டியலிற் சேர்ப்பது, எவ்விடத்துக் கருவியை நிறுத்துவது என்பன போலீசாரின் விருப்பத்திற்கே பெரிதும் விடப்பட்டிருந்தன என அது கண்டது. இனத்தாலும் பாலாலும் கருவி வேறுபாடு காட்டுமா எனப் போலீசார் செவ்வனே ஆராயவில்லை என்றுங் கூறிற்று. எனினும் கருவியையே அது விலக்கிற்றிலது.

இங்கே வள்ளுவனாரின் ஒற்றாடல் அதிகாரம் நினைவிற்கு வருகின்றது. ஒற்றனையும் நீதிநூலையும் அவர் அரசனுக்கு இரு கண்களாக வைத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனாலும் ஆராய்க என்றும் விதித்தார். காமிரா இக்காலத்து ஒற்றன். அது சுட்டியவரைக் காவலர் ஒருவர் நேரில் ஆராய்ந்த பின்னரே தொடுதல் வேண்டும். பட்டியலும் இடமுஞ் சட்டத்தால் வரையறுக்கப்படல் வேண்டும். பட்டியலோடு பொருந்தா முகங்கள் அப்பொழுதே அழிக்கப்படல் வேண்டும். நூலென்னுங் கண்ணை மூடி ஒற்றென்னுங் கண்ணை மட்டுந் திறந்துவைக்கும் அரசு, பந்தாட்டங் காண வந்த பல்லாயிரவரையுங் குற்றவாளிகளாகவே காணும் என்பது எமது துணிபு.