உம்மும்மாவின் கால்விரல்

உம்மும்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கிச் சில வாரங்களில் கால்விரல்கள் விறைத்துப் போயின. “மகள், காலுல செருப்பு கிடக்கா, கழண்டு போச்சா எண்டே தெரியுதில்ல” என்றார். கட்டி இருந்தது கழுத்தில். கால் ஏன் விறைக்க வேண்டும்? விடையின் பாதி என் உயிரியல் கொப்பியிலேயே இருந்தது.

இழைமணியை அவரை விதை போல வரைந்து பெயர் குறிக்கிறோம். அதனால் அது ஓரிடத்திலேயே கிடக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பயணம் செய்கிறது. ரியூபியூலின் என்னும் புரதத்தாலான, 25 நனோமீற்றர் விட்டமுள்ள நுண்புன்குழாய்களே அதன் தண்டவாளம். கைனெசின் என்ற இயக்கிப் புரதம் இழைமணியைச் சுமந்துகொண்டு, ஓர் ஏ.ரி.பி. மூலக்கூறுக்கு 8 நனோமீற்றர் வீதம் அடியெடுத்து வைத்து நரம்பின் நுனியை நோக்கிப் போகும். (இந்தக் கைனெசினை 1985 இல் கண்டுபிடித்தது கணவாயின் நரம்பில். நாம் கறியாக்கும் அதே கணவாய்தான்!) டைனீன் என்ற மற்றொரு புரதம் எதிர்த்திசையில் திருப்பிக் கொண்டுவரும். எங்கே நிற்பது? நரம்பு மும்முரமாக வேலை செய்யும் இடத்தில் கல்சியம் அயன்கள் கூடும். இழைமணியை இயக்கியோடு இணைக்கும் மிரோ என்ற புரதம் அதை உணர்ந்ததும் பயணம் நின்றுவிடும். சக்தி தேவைப்படும் இடத்திலேயே சக்தி நிலையம் தங்கிவிடுகிறது.

கால்விரலில் தொடுகையை உணரும் நரம்புக் கலத்தின் உடல் முள்ளந்தண்டுக்கு அருகில் இருக்கிறது. அதன் நார் ஏறத்தாழ 1 மீற்றர் நீளம். செக்கனுக்கு 1 மைக்கிரோமீற்றர் வீதம் நில்லாமல் போனாலும் இழைமணிக்கு 11 நாட்களுக்கு மேல் எடுக்கும். நம்ப முடியாமல் மூன்று தடவை கணக்குப் பார்த்தேன்.

உம்மும்மாவுக்கு ஏற்றிய வின்கிறிஸ்ரின், நம் முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது. அது ரியூபியூலினோடு பிணைந்து நுண்புன்குழாய்கள் உருவாவதைத் தடுக்கிறது. கதிர் நார்கள் அமையாததால் புற்றுநோய்க் கலம் பிரிய முடியாமல் இறக்கிறது. ஆனால் கட்டி எது, நரம்பு எது என்று மருந்துக்குத் தெரியாது. நரம்பின் தண்டவாளமும் பழுதாகிறது. தூரம் கூடிய நார்தான் முதலில் தவிக்கும்.

இதைச் சொன்னபோது உம்மும்மா, “அப்ப மருந்து வேல செய்யுது எண்டு சொல்லு” என்றார். விறைப்பைப் பற்றி வைத்தியரிடம் அவர் வாய் திறக்கவே இல்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களாம். அடுத்த கிளினிக்கில் நானே சொன்னேன். மருந்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார்கள். இப்போது செருப்பு கழன்றால் சில நேரம் தெரிகிறதாம்.