அவளைப் பார்த்தாலே ஏன் எரிச்சல்?

லேடீஸ் ஹாஸ்டலில் எனக்கு ஓர் அறைத்தோழி. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்குவாள். எழுந்ததும் ஊருக்கு போன் போட்டு, "இந்த மாசம் பணம் அனுப்ப முடியாதும்மா" என்பாள், கொஞ்சமும் கூசாமல். அடுத்த நிமிஷமே பிரியாணி ஆர்டர் போட்டுவிடுவாள். எனக்கு அவள் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனாலும் அவளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"பொறுப்பே இல்லாதவம்மா அவ" என்று வீட்டுக்கு போன் பண்ணிப் புலம்பினேன். "அவ பொறுப்பில்லாம இருந்தா உனக்கு என்னடி?" என்றார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

இப்படிப் பதில் வராமல் தடுமாறும் இடத்தை ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தவர், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். 1900-களின் தொடக்கத்தில், சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் அவர் வேலை பார்த்த சமயம். எதிரே இருப்பவரிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வார். கேட்டதும் மனதில் தோன்றும் முதல் வார்த்தையை அவர் சொல்ல வேண்டும். 'மேசை' என்றால் 'நாற்காலி' சட்டென வந்துவிடும். வேறு ஏதோ ஒரு வார்த்தைக்கு மட்டும் திணறுவார்கள், சிரிப்பார்கள், கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். அங்கே அவர்களுக்கே தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது என்றார் யுங். 'அவளுக்கு காம்ப்ளெக்ஸ்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வார்த்தை பிரபலமானதில் இந்தச் சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்னாளில் அவர் பேசியது 'நிழல்' பற்றி. 'நல்ல பிள்ளை' என்று பெயர் வாங்குவதற்காக, நமக்குள் இருக்கும் சிலவற்றைப் பின்னால் தள்ளிவிடுகிறோம். கோபம், பொறாமை மட்டுமல்ல. ஓய்வெடுக்கும் ஆசையும், 'முடியாது' என்று சொல்லும் தைரியமும்கூட அதோடு போய்விடும். தள்ளியது காணாமல் போவதில்லை. அடுத்தவர் முகத்தில் தெரிகிறது. நமக்கு எரிகிறது.

அதற்காக எல்லா எரிச்சலுக்கும் நாமே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கை ஓங்கும் கணவர், மரியாதையில்லாமல் பேசும் மேலதிகாரி என்றால் தப்பு அவர்கள் பக்கம்தான். நடந்தது கடுகளவு, வரும் கோபம் மலையளவு என்று இருக்கும் இடங்களை மட்டும் கவனித்தால் போதும்.

யுங் தன்னையும் விட்டுவைக்கவில்லை. ஃபிராய்டுடன் நட்பு முறிந்த 1913-ல், 38 வயதில், தன் கனவுகளையும் மனக்காட்சிகளையும் நோட்டில் எழுத ஆரம்பித்தார். பிறகு சிவப்புத் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகத்தில் ஓவியங்களோடு பதிந்தார். அது அச்சில் வந்தது 2009-ல், அவர் இறந்து 48 வருஷம் கழித்து!

நமக்கு மொபைல் நோட்ஸ் போதும். யார் மேல் எரிச்சல்? அவர் என்ன செய்தார்? அதையே நான் செய்தால் என்ன ஆகிவிடும்? மூன்றாவது கேள்வியில்தான் கை நிற்கும். (எழுதும்போது மனசு தாங்க முடியாமல் கனத்தால், 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும் பேசலாம்.)

எனக்கும் அங்கேதான் கை நின்றது. முதல் சம்பளத்திலிருந்து ஒரு மாதம்கூட வீட்டுக்குப் பணம் குறைத்து அனுப்பியதில்லை. பல் வலிக்கு டாக்டரிடம் போவதை மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

போன மாதம், "பாதிதான் அனுப்ப முடியும்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, தம்பி ஃபீஸை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். உனக்கு என்னடி திடீர் செலவு?" பல் என்றேன். "எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டார்.

அறைத்தோழி அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.