நாவலுக்கு விழா, நாடகத்துக்குச் சிறை

1977-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கென்யாவின் தலைநகரான நைரோபியில், ஓர் ஆங்கில நாவலின் வெளியீட்டு விழா நடைபெற்றது. சுதந்திரத்துக்குப் பின் பதவிக்கு வந்தவர்கள் ஏழைக் குடியானவர்களை எவ்விதமெல்லாம் வஞ்சித்தார்கள் என்பதைத் தயவு தாட்சணியமின்றி விவரித்த அந்த நூலை வெளியிட்டு வைத்தவர், விசித்திரம் என்னவெனில், அதே அரசாங்கத்தின் நிதியமைச்சர் முவாய் கிபாகி. ஆறு மாதம் கழிவதற்குள், அவ்வருஷத்தின் கடைசி நாளன்று, நாவலாசிரியரான கூகி வா தியாங்கோ கைது செய்யப்பட்டு, விசாரணையே இன்றிச் சிறையில் அடைக்கப்பட்டார். இடைக்காலத்தில் அவர் செய்த புதுக் குற்றம் ஒன்றுதான்: ஏறக்குறைய அதே விஷயத்தைத் தம் தாய்மொழியாகிய கிக்கூயுவில் நாடகமாக எழுதி, கிராமத்து ஜனங்களைக் கொண்டே மேடையேற்றியிருந்தார்.

ஆங்கிலத்தில் சொன்னபோது இலக்கியமென்று கொண்டாடப்பட்ட கருத்து, கிக்கூயுவில் சொன்னபோது அபாயமாகத் தோன்றியதற்குக் காரணம் என்ன? மொழி மனிதனுக்கு விடுதலை தருகிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்; எந்த வழியாகத் தருகிறது என்று ஆராயப் புகுவோர்க்கு, 2025 மே மாதத்தில் காலமான இந்த எழுத்தாளரின் சரித்திரம் நல்ல பாடமாகும்.

1938-இல் லிமுரு என்ற ஊரின் பக்கத்தில், பெரியதொரு குடியானவக் குடும்பத்தில் பிறந்த கூகிக்கு, பகலெல்லாம் வயலில் உழைத்த பெரியோர் இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து சொன்ன முயல் கதைகளும் சிறுத்தைக் கதைகளுமே முதற்கல்வியாக அமைந்தன. 1952-இல் பிரிட்டிஷ் ஆட்சி நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்ததும், ஜனங்கள் நடத்திவந்த பள்ளிகள் அரசாங்கத்தின் வசமாயின. அன்றுமுதல் ஆங்கிலம் ஒன்றே அங்கே சிம்மாசனம் ஏறியது. பள்ளி எல்லைக்குள் தாய்மொழி பேசிய பிள்ளைக்குப் பிரம்படி கிடைக்கும். அல்லது தன்னை முட்டாளென்றோ கழுதையென்றோ அறிவிக்கும் தகடு கழுத்தில் தொங்கும். குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் கையாண்ட உபாயமோ அதனினும் கொடியது. காலையில் ஒரு பிள்ளையிடம் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவார்கள். தாய்மொழி பேசுகிற எவனையேனும் கண்டால் அப்பிள்ளை அதை அவனிடம் தள்ளிவிட வேண்டும். மாலையில் யார் கையில் அது இருக்கிறதோ அவனைப் பிடித்து, யாரிடமிருந்து வந்ததென்று ஒவ்வொருவராக விசாரித்துச் சென்றால், அன்றைய குற்றவாளிகள் அனைவரும் அகப்பட்டுக்கொள்வார்கள். தமிழ் பேசினால் அபராதம் என்ற விதி நம்மூர் ஆங்கிலப் பள்ளிகள் சிலவற்றிலும் இருந்ததை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

இப்படிப்பட்ட கல்வியில் தேறிய மாணவர், அந்த ஆங்கிலத்திலேயே கீர்த்தியும் அடைந்தார். 1964-இல் ஜேம்ஸ் கூகி என்ற பெயரில் முதல் நாவலை வெளியிட்டு, தொடர்ந்து வந்த நூல்களால் உலகப் பிரசித்தி பெற்று, நைரோபி சர்வகலாசாலையில் ஆசிரியராகவும் அமர்ந்தார். ஆயினும் அந்நாவல்களில் நடமாடிய உழவர்களும் கூலியாட்களும், தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படித்தறிய இயலாதவர்களாகவே இருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவருக்கும் அவர்களுக்கும் இடையே, அவர் பேசிய மொழியே ஒரு மதிலாக நின்றது.

1976-இல் ஒருநாள் விடியற்காலையில், அருகிலிருந்த கமிரீத்து கிராமத்துப் பெண்மணி ஒருவர் அவர் வீடு தேடி வந்து, இவ்வளவு படித்தவர் அந்தப் படிப்பில் கொஞ்சம் ஊருக்கும் தரலாகாதா என்று கேட்டார். ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிடாமல், வாரந்தோறும் வந்து கேட்டார். அதன் விளைவாகக் கிராமத்துக் கல்வி நிலையத்தின் பணியில் சேர்ந்த கூகி, கூகி வா மிரீ என்ற மற்றோர் எழுத்தாளருடன் இணைந்து ஒரு நாடகத்தை எழுதினார். ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் தவிர வேறு சொத்தில்லாத ஒரு கூலியாளின் குடும்பம், அதையும் செல்வந்தரிடம் இழக்கின்ற கதை அது.

ஒத்திகை திறந்த வெளியில், ஊரார் கண்முன்னே நடந்தது. ஒரு கிழவர் இப்படிப் பேசமாட்டார் என்று ஒருவர் திருத்துவார். தொழிற்சாலையில் கூலி எவ்விதம் கைக்கெட்டாமல் போகிறது என்று தொழிலாளி ஒருவர் கணக்கோடு விளக்குவார். சடங்கின் பாட்டை முதியவள் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். கற்பிக்கச் சென்றவர், தாம் பிறந்த மொழியையே அவர்களிடம் மறுபடியும் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1977 அக்டோபர் 2-ஆம் தேதி, ஊரார் தங்கள் கைகளாலேயே கட்டிய திறந்தவெளி அரங்கில் நாடகம் தொடங்கியது. நவம்பர் நடுவில் அரசாங்கம் அதைத் தடை செய்தது.

கைதாகி அடைக்கப்பட்ட கமீத்தி சிறைச்சாலையின் தனியறையில்தான் கூகி தம் முதல் கிக்கூயு நாவலை எழுதத் துணிந்தார். காகிதம் கிடையாது; கழிப்பறைத் தாள் உண்டு. கைதிகளை வருத்துவதற்கென்றே வாங்கியது போல் முரடாக இருந்தது அத்தாள்; உடம்புக்கு ஆகாதது எதுவோ அதுவே பேனாவுக்கு உகந்ததாக ஆயிற்று. காகிதத்தை விடப் பெரிய இடர் மொழியில் இருந்தது. பாதிரிமார் வகுத்துக் கொடுத்த கிக்கூயு எழுத்துமுறையில் குறிலுக்கும் நெடிலுக்கும் சரியான பேதம் இல்லை; நவீன நாவலுக்குரிய உரைநடை மரபும் கைவசம் இல்லை. ஆகவே சக கைதிகளிடமும், அவர்களைக் காவல் புரிந்த காவலர்களிடமுமே மொழியின் நுட்பங்களைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டறிந்து எழுதினார். ஒரு சோதனையில் கைப்பிரதி முழுவதும் பறிபோய், சில வாரங்கள் கழித்தே திரும்பக் கிடைத்தது.

விடுதலைக்குப் பின், 1980-இல் அந்நாவல் வெளிவந்தது. 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் அது தமிழிலும் வந்திருக்கிறது. கென்யாவில் அதைத் தனித்திருந்து படித்தவர்களைக் காட்டிலும் கூடியிருந்து கேட்டவர்களே அதிகம் எனலாம். வீடுகளில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கக் குடும்பம் முழுவதும் கேட்டது. மதுக்கடைகளில், நல்ல குரலுடையவர் படித்துக்கொண்டே வந்து, சுவையான கட்டத்தில் நிறுத்துவார். கேட்போர் அவர் கோப்பையை நிரப்பினால்தான் கதை மேலே நடக்கும்.

இதனால் தாய்மொழியில் எழுதுவோனே சுதந்திரன், பிறமொழியில் எழுதுவோன் அடிமை என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. நைஜீரியாவின் சினுவா அச்சிபி, ஆங்கிலத்தை ஆப்பிரிக்க அனுபவத்துக்கு ஏற்ப வளைத்து ஆளலாம் என்று வாதித்தார்; ஆண்டும் காட்டினார். பிறந்த மொழியின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பி, வேற்று மொழியில் மூச்சு விட்டவர்களும் உலகில் உண்டு. கூகியின் வாழ்வு உணர்த்துவது வேறு. தனிமையில் தோன்றுகிற எண்ணத்தை வெளியிடுவதோடு ஒருவனுடைய சுதந்திரம் முடிந்துவிடுவதில்லை. யாரைக் குறித்துப் பேசுகிறானோ அவர்கள் அவனைக் கேட்கவும், திருத்தவும், எதிர்த்துப் பேசவும் இடம் கிடைக்கும்போதுதான் அது பூரணமாகிறது. அமைச்சர் விழா எடுத்த நாவலுக்கு அந்தக் கிராமத்தார் பதில் சொல்ல வழியில்லை. நாடகத்துக்கோ, அது எழுதி முடிவதற்கு முன்பே அவர்கள் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

ஆளுவோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். 1982-இல் கமிரீத்து அரங்கை ஆயுதம் தாங்கிய போலீஸார் தரைமட்டமாக்கினர். கூகியும் நாட்டைவிட்டு வெளியே தங்க நேர்ந்தது. 1986-இல் அவருடைய அடுத்த கிக்கூயு நாவல் வெளிவந்தபோது, மத்திகாரி என்றொருவன் நீதியைத் தேடி ஊர் ஊராகக் கேள்வி கேட்டுத் திரிகிறானாம் என்று குடியானவர்கள் பேசிக்கொள்வதாக அதிகாரிகளுக்குத் தகவல் எட்டியது. அவனைக் கைது செய்யும்படி உத்தரவும் பிறந்தது. தேடிச் சென்ற போலீஸார், அவன் நாவலின் கதாநாயகன் என்று அறிந்து திரும்பினார்களென்று ஆசிரியரே பதிவு செய்திருக்கிறார். மனிதனைப் பிடிக்க முடியாமற்போகவே, 1987-இல் கடைகளில் இருந்த பிரதிகளையெல்லாம் கைப்பற்றினார்கள். ஆனால் அதற்குள் அந்தக் கேள்விகள் படித்தவர்களையும் கேட்டவர்களையும் சேர்ந்துவிட்டபடியால், பறிமுதல் செய்யக் காகிதமே மிஞ்சியது.