நிழல் எந்தப் பக்கம் விழும்?

தில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் "மார்க் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. விஞ்ஞானப் பாடத்திற்கு அது மட்டும் போதாது. சோதனைக்கு முன்னால் பிள்ளை என்ன எதிர்பார்த்தான், பிறகு என்ன கண்டான், இரண்டும் ஒத்துவராதபோது என்ன செய்தான் என்றும் கேட்க வேண்டும். எத்தனையோ ரிக்கார்டு நோட்டுகளில் விடை முதலில் வந்துவிடுகிறது. அளவுகள் அதற்குத் தக்கபடி பின்னால் எழுதப்படுகின்றன. இந்தப் பழக்கம் பள்ளியோடு நிற்பதில்லை என்பதே ஆசிரியை என்ற முறையில் என் கவலை.

ஏழாம் வகுப்பில் நான் நடத்தும் நிழல் சோதனையைச் சொல்கிறேன். 1 மீட்டர் நீளக் குச்சி, டேப், நோட்டு, பேனா போதும். பென்சில் கூடாது; அழிக்கத் தோன்றும்.

முதல் வேலை ஊகம். "ஜூன் முதல் வாரத்தில், நீங்கள் விடுமுறைக்குப் போயிருக்கும் ஊரில், நடுப்பகலில் குச்சியை நட்டால் நிழல் எவ்வளவு நீளம் இருக்கும்? எந்தப் பக்கம் விழும்?" என்று மே மாதத் தொடக்கத்திலேயே கேட்பேன். காரணத்தையும் எழுத வேண்டும். காரணமில்லாத ஊகம் லாட்டரிச் சீட்டு மாதிரி. "மெட்ராஸில் வெயில் அதிகம், அதனால் நிழல் குட்டையாக இருக்கும்" என்று பலர் எழுதுவார்கள். பக்கம் மட்டும் எல்லாருக்கும் வடக்குதான். தில்லியில் ஆண்டு முழுவதும் நடுப்பகல் நிழல் வடக்கே விழுவதைத்தானே பார்த்திருக்கிறார்கள்! சரி, தவறு என்று நான் வாய் திறப்பதில்லை.

அடுத்தது அளவெடுப்பது. கடிகாரத்தில் 12 அடிப்பது நடுப்பகல் அல்ல. ஜூன் தொடக்கத்தில் சூரியன் உச்சிக்கு வர சென்னையில் சுமார் 12.10, தில்லியில் 12.20 ஆகிவிடும். எனவே 12 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ள வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இருவர் தனித்தனியே அளக்க வேண்டும். ஒவ்வாத எண் வந்தால் அடிக்கக் கூடாது. "காற்றில் குச்சி சாய்ந்தது" என்று பக்கத்தில் குறித்தால் போதும்.

ஜூலையில் நோட்டுகள் திரும்பி வரும். தில்லியிலேயே இருந்தவர்களுக்கு வடக்கே சுமார் 11 செ.மீ. சென்னை சென்றவர்களுக்குத் தெற்கே 16. மதுரை சென்றவர்களுக்குத் தெற்கே 22. ஒரு முறை, மதுரைக்குப் போய்வந்த சிறுமி தயங்கியபடி, "டீச்சர், திசையைத் தப்பாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, வடக்கு என்று மாற்றட்டுமா?" என்றாள். சென்னை நோட்டுகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவற்றிலும் தெற்குதான்! அவள் தன் எண்ணை நம்பாமல் திருத்தியிருந்தால் இருந்த உண்மை போயிருக்கும்.

அந்த வாரம் சூரியன் ஏறக்குறைய 22½ டிகிரி வட அட்சரேகைக்கு நேர் மேலே இருக்கிறது. சென்னையும் மதுரையும் அதற்குத் தெற்கே இருப்பதால் அங்கே நடுப்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கும்.

பிறகு அடுத்த ஊகம்: நிழலே விழாத ஊர் எது? அளவுகளை வரைபடத்தாளில் குறித்துக் கோடு இழுத்தார்கள். அது இடார்சிக்கு அருகே பூஜ்யத்தைத் தொட்டது. நம் ஜி.டி. எக்ஸ்பிரஸ் போகும் வழிதான்!

அந்த இடார்சி இருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (2022 முதல் நர்மதாபுரம்), 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில், பிள்ளைகள் தாமே சோதனை செய்து விஞ்ஞானம் கற்கும் திட்டம் தொடங்கியது. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. தேர்வில் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். சோதனை செய்தும் காட்ட வேண்டும். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த முறையை வீட்டில் கையாள யாருடைய உத்தரவும் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேள்வி கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்? ஏன்?" என்று தமிழிலேயே கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் இருக்க நேர்ந்தால் குச்சியை மறக்க வேண்டாம். அன்று நடுப்பகலில் அங்கே நிழல் எவ்வளவு இருக்கும்? விடையை இங்கே எழுதப் போவதில்லை.