இறுவட்டும் இரசிகர் விண்ணப்பமும்

சீ.டி., டி.வி.டி. முதலியவற்றை நம்மவர் இறுவட்டு என வழங்குகின்றனர். பெயர் நன்று, பொருளிலேதான் குறை. அக்குறையை யான் அறிந்தது ஒரு கசப்பான அநுபவத்தின் வாயிலாக. இலண்டனில் வாழும் என் தமக்கையார், சத்தியஜித் ராய் 1955இல் அளித்த 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்கத் திரைப்படத்தின் இறுவட்டொன்றை மூன்றாண்டுகளின் முன் வாங்கி அனுப்பினார். "தம்பி, உன்ரை பிள்ளையளுக்குப் போட்டுக்காட்டு" என்பது உடன்வந்த கடிதத்தின் வாசகம். உயர்தர வகுப்பு மாணாக்கரை ஒருநாட் பின்னேரம் கூட்டிவைத்து வட்டினைப் பொறியில் இட்டேன். படம் வரவில்லை. வட்டு இப்பிராந்தியத்துக்கு உரியதன்று என்னும் பொருள்பட ஒரேயொரு வரி திரையில் வந்து நின்றது. நாற்பது பிள்ளைகள் முன்னே யான் நின்ற நிலையை எழுதாது விடுகின்றேன்.

இதற்குக் காரணம் யாது? டி.வி.டி. 1996 நவம்பரில் யப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஒரே படத்தை நாட்டுக்கு நாடு வெவ்வேறு காலத்தில் அரங்குகளிற் காட்டிவந்த ஹொலிவூட் கம்பனிகள், ஓரிடத்தில் விற்ற வட்டு மற்றோரிடத்து அரங்க வருவாயைக் கெடுக்கும் என அஞ்சின. ஆதலின் உலகை ஆறு பிராந்தியங்களாகக் கூறிட்டன. கனடா முதலாவது, பிரித்தானியா இரண்டாவது, அவுஸ்திரேலியா நான்காவது, இலங்கையும் இந்தியாவும் ஐந்தாவது. யாழ்ப்பாணத்துத் தாயொருத்தியின் மக்கள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருப்பின், நால்வர் கையிலும் உள்ள பொறிகள் நான்கு பிராந்தியத்தன. புதுப்படத்துக்கு இக்காவலை ஒருவாறு பொறுக்கலாம். அரங்கை விட்டு அரை நூற்றாண்டு கழிந்த படத்துக்கு எதற்கு? 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடு தேடிய காலத்தில், இக்கரைக் கண்ணுக்கு அக்கரைச் சுவடி புலப்படாதவாறு எவரும் பூட்டு வைத்ததில்லை.

இரசிகர் பல்லாண்டு முறையிட்ட பின் சிறிது பயன் விளைந்தது. 2006இல் வந்த புளூ-ரே வட்டு ஆறினை மூன்றாக்கிற்று. அதன் எதிரியாகத் தோன்றிய எச்.டி. டி.வி.டி.யில் இப்பூட்டு அறவே இல்லை; ஆயினும் அது 2008 பெப்ரவரியிற் போட்டியை விட்டு விலகியது. 2016இல் வந்த நாலாயிரவரிசைப் புளூ-ரேயிலேதான் பிராந்தியத் தடை முற்றாக நீங்கிற்று. கேட்டது கிடைத்தது, கிடைத்தபோது வட்டு வாங்குவாரே அருகிவிட்டனர்.

எம் கதைக்கு வருவேன். கணினியின் வட்டுப்பொறியிற் பிராந்தியத்தை மாற்றலாம் என மாணவனொருவன் கூறினான். மாற்றலாம், ஆனால் ஐந்து தடவை மட்டுமே. அதன்பின் அஃது என்றென்றைக்கும் இறுகிவிடும். எம் கணினியில் மூன்று ஏற்கெனவே கழிந்திருந்தன. நான்காவதை யான் செலவிட்டேன். படம் ஓடிற்று.

ஓடியதும் அடுத்த குறை வெளிப்பட்டது. வங்கமொழி அறியாதார்க்கு அடியில் வரும் ஆங்கில எழுத்தே துணை. அவ்வெழுத்தோ மிகச் சிறிது. துர்க்காவும் அப்புவும் புகைவண்டி காண ஓடும் நாணற்பூ வெளியைப் போன்ற காட்சிகளில், வெள்ளெழுத்து வெண்ணிலத்திற் கலந்து மறைந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து முன்னே வந்தனர். பெரிதாக்குவதற்கு வழி தேடினேன்; இல்லை. டி.வி.டி.யில் அவ்வரிகள் எழுத்தாக அன்றிப் படமாகவே பதியப்படுகின்றன. ஆதலின் பார்ப்பவன் அளவையோ எழுத்துருவையோ தன் கண்ணுக்கேற்ப மாற்றுதல் அரிது. புளூ-ரேயிலும் பெரும்பாலும் இதுவே நிலை. முப்பத்திரண்டு துணையெழுத்து வரிசைகளுக்கு டி.வி.டி.யில் இடமுண்டு, மூக்குக்கண்ணாடி அணிந்தவனுக்கு மட்டும் இடமில்லை! செவிப்புலன் குன்றியோர்க்கும் பிறமொழிப் படம் பயில்வோர்க்கும் இதனினும் பெரிய தேவை வேறொன்றில்லை என்பது என் துணிபு. தெளிவான படத்துக்காகக் கோடிக்கணக்கிற் செலவிட்டோர் எழுத்தை ஏன் மறந்தனரோ, அறியேன்.

எச்சரிக்கை வாசகமும் விளம்பரமும் தாண்டவொண்ணாதவாறு வட்டிலேயே கட்டளையிடப்பட்டிருத்தல் மற்றொரு முறைப்பாடு. பணங்கொடுத்து நேர்மையாக வாங்கியவன் திருட்டுக் குற்றத்தின் தண்டனையை ஒவ்வொரு முறையும் வாசித்தே படத்துட் புகவேண்டும். திருட்டுப் பிரதி வாங்கியவனோ நேரே புகுந்துவிடுகின்றான். புளூ-ரே வட்டுகளிற் பல, நிறுத்திய இடத்திலிருந்து மீளத் தொடங்க மறுக்கும் என்பதையும் ஈண்டுச் சேர்த்துக்கொள்க. கீறலைப் பற்றிய முறையீடு மட்டும் விரைவிற் கேட்கப்பட்டது: புளூ-ரேயின் பதிவுப்படை மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே இருத்தலின், அதன்மேற் கடினப் பூச்சிடுதல் இன்றியமையாததாயிற்று.

இணையவழிப் படம் வந்தபின் வட்டு எதற்கு என்பார் உளர். இணையத்தில் இன்று உள்ள படம் உரிமை முடிந்தால் நாளை இராது. பாடவேளைக்கு அது காத்திருக்கவும் மாட்டாது. அலுமாரியில் உள்ள வட்டு அங்கேயே இருக்கும். அமெரிக்காவில் வட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ் 2023 செப்டெம்பரில் அத்தொழிலை நிறுத்திற்று. குறை தீர்க்க வேண்டியவர்கள் கடையையே கட்டுகின்றனர்.

எம் கணினி இப்போது இரண்டாம் பிராந்தியத்தில் நிற்கின்றது. இந்தியாவில் வாங்கிய, ஐந்தாம் பிராந்திய எண் பொறித்த வட்டுகள் சில அருகே அலுமாரியில் உள. தமக்கையார் 'அபராஜிதோ'வையும் அனுப்பியிருப்பதாக எழுதியுள்ளார். எஞ்சிய ஒரு மாற்றத்தை இன்னும் செய்யவில்லை.