கம்பஞ்சோறு

கம்பு ஏழையின் உணவு என்றெண்ணி, கல்லூரியில் தூக்குவாளியைத் திறக்கவே கூசியவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. அக்கூச்சத்தைப் போக்கியது நான் கற்ற அறிவியல்தான்.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் மானாவாரியாக விளையும் தானியங்களுள் ஒன்று கம்பு. என் ஆச்சி அதில் நீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, உமி போகப் புடைப்பார். மீண்டும் இடித்துச் சலித்து, குருணையை முதலில் உலையிலிடுவார். அது வெந்தபின் மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவார். ஆறிய சோற்றை உருண்டை பிடித்து நீரில் போட்டு வைப்பார். காலையில் அதைக் கரைத்து மோர் ஊற்றினால் கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

இரவில் அப்பானைக்குள் நடப்பது என்ன? லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சோற்றைப் புளிக்க வைக்கின்றன. இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலம் அதனால் ஓரளவு குறைகிறது. 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் இரும்பு உண்டு. தீட்டிய அரிசியிலோ ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆச்சி அதை அறியார். “பசி தாங்கும்யா” என்பார், அவ்வளவுதான். இன்று அவர் கைகளுக்கு உலக்கை பிடிக்கும் வலுவில்லை. பக்குவத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். நண்பர்களே, உங்கள் வீட்டு ஆச்சிகளிடமும் இன்றே கேளுங்கள்.