வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை சிலாங்கூரில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. கிள்ளான் ஆற்றை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கும் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பருவத்தின் சேதத்தைப் புள்ளிவிவரத் துறை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று கணக்கிட்டது.

நான் சொல்ல வந்த ஆபத்து தண்ணீர் வடிந்த மறுநாள் தொடங்குகிறது.

வீடு திரும்புகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? முட்டிவரை சிலுவாரைச் சுருட்டிக்கொண்டு, சிலிப்பரோடு சேற்றில் இறங்குகிறார்கள். இரண்டாவது அடியில் சிலிப்பர் சேற்றில் மாட்டிக்கொள்ளும். அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்பார்கள். அம்மாக்கள் நேராகச் சாமி மேடைக்குப் போய், குத்துவிளக்கின் தண்டில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்தெடுப்பார்கள். குதிகாலில் பித்த வெடிப்பு இருக்கும். கையில் உடைந்த கண்ணாடி கீறியிருக்கும். மணிக்கணக்கில் ஈரத்தில் நின்று தோல் ஊறி வெளுத்திருக்கும். லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிரிக்கு உள்ளே நுழைய இந்த வாசல்களே போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் அது புகும்.

தமிழில் எலிக்காய்ச்சல் என்கிறோம். இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர் ‘கெஞ்சிங் தீக்குஸ்’, எலி மூத்திரம். பெயரிலேயே காரணம் இருக்கிறது. இந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு நோய் வராது, ஆனால் அது சிறுநீர் கழிக்கும் இடமெல்லாம் கிருமி இறங்கும். நாய், மாடு, பன்றியின் சிறுநீரிலும் இது வரலாம். காய்ந்த தரையில் விரைவில் சாகும் இந்தக் கிருமி, ஈரமண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். லோங்காங் நிரம்பி வழியும்போது அதிலிருந்த எலிகள் மேட்டுக்கு ஏறுகின்றன. அவை விட்டுவந்தது தண்ணீரோடு வீட்டுக்குள் வருகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடைகள் மூடும் நேரத்தில் பின்சந்தில் நின்று பாருங்கள். வாய் கட்டாத குப்பைப் பையில் வாழையிலையும் சோறும் பிதுங்கி நிற்கும். பக்கத்து லோங்காங்கின் விளிம்பில் எலி ஓடும், ஆள் நிற்பதைக் கண்டும் ஒதுங்காது. அந்த லோங்காங் போய்ச் சேர்வது கிள்ளான் ஆற்றில். ஷா ஆலமும் கிள்ளானும் அதே ஆற்றின் கீழ்க்கரையில் இருக்கின்றன. வெள்ளம் வரும்போது மட்டும் எலியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். குப்பைப் பையின் வாயைக் கட்டுவதும் வெள்ளத் தடுப்புப் பணிதான்.

இந்த நோய் மலேசியாவுக்குப் புதிதல்ல. 1925-லேயே இங்கே பதிவாகிவிட்டது. 2010 டிசம்பரில் அரசு இதை அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டின் நடுவில் பகாங் மாநிலம் லுபுக் யூ அருவியில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களுக்கு, மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் வந்தது. சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்தே இருந்தது. 8 பேர் இறந்தார்கள். உதவப் போன இடத்தில் உயிரை விட்டவர்கள் அவர்கள். உலகளவில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு எலிக்காய்ச்சல் வருவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகவும் 2015-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு தடை இருக்கிறது. இங்கே காய்ச்சல் என்றாலே டெங்கி நினைவுதான் முதலில் வரும். இரண்டிலும் கடுங்காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, வாந்தி உண்டு. டெங்கி சோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகி, பெனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்புப் பொருள் சோதனை முதல் வாரத்தில் பெரும்பாலும் எதையும் காட்டாது. ஆன்ட்டிபயாட்டிக் மருந்து நன்றாக வேலை செய்வதோ அந்த முதல் சில நாளில்தான். தாமதமானால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு என்று நோய் முற்றலாம். நுரையீரலில் கடுமையான இரத்தக்கசிவு ஏற்பட்டால் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைக்காமல் போகலாம்.

இரண்டு அடையாளங்களைக் கவனியுங்கள். ஒன்று, கெண்டைக்கால் சதையை அமுக்கினால் உயிர் போகும் வலி. மற்றொன்று, பீளை தள்ளாமலே இரத்தச் சிவப்பாகும் கண். இவை எல்லோருக்கும் வரும் என்றில்லை. அதனால் அடையாளத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வெள்ளத்தில் காலை வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே கிளினிக்குக்குப் போகவேண்டும். ‘இத்தனாம் தேதி வெள்ளத்தில் இறங்கினேன்’ என்பதை டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். எந்தச் சோதனை, எந்த மருந்து என்பதை அந்த ஒரு வாக்கியம் மாற்றிவிடும்.

கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பின், சேற்றில் இறங்கியவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் அரசே டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முன்தடுப்பாகக் கொடுத்தது. அப்படியும் பலர் இறந்தார்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் விழுங்கக்கூடிய மாத்திரை அல்ல அது. டாக்டர் சொல்லாமல் யாரும் வாங்கிப் போடக்கூடாது.

வீட்டைக் கழுவும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் வேண்டும். காயத்தை நீர் புகாத பிளாஸ்டர் போட்டு மூடிக்கொள்ளுங்கள். முதலில் சேற்றைச் சோப்புத் தண்ணீரால் கழுவி எடுத்துவிட்டு, பிறகு 20 லிட்டர் வாளித் தண்ணீருக்கு ஒரு கோப்பை குளோராக்ஸ் கலந்து தரையைத் துடைக்கலாம். குளோராக்ஸோடு வேறெந்தத் திரவத்தையும் சேர்க்காதீர்கள், நச்சுப்புகை வரும். பிள்ளைகளைச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் விளையாட விடாதீர்கள்.

இறங்கிய நாளைக் கூடத்தில் தொங்கும் நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். நோய் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் வெளிப்படும், சிலருக்கு 30 நாள்கூட ஆகும். அதற்குள் நிவாரண முகாம் மூடப்பட்டிருக்கும், வீட்டுக்குப் புதுச் சாயம் அடித்திருப்பார்கள். அப்போது வரும் காய்ச்சலை யாரும் வெள்ளத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.